சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது: பழைய காரில் விட்டுவிட்டு வரும் கோளாறைப் பிடிப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 20 வருடப் பழைய பெட்ரோல் கார், ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ளது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி, முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு திடீரென்று நின்றுவிடுகிறது. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. 20 நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது இப்படி நடக்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக ஓடுகிறது, ஸ்கேனரிலும் கோளாறைக் காட்டும் கோடு (code) எதுவும் இல்லை. ஸ்பார்க் பிளக், ஃபியூயல் ஃபில்டர், ஃபியூயல் பம்ப் மூன்றையும் மாற்றிவிட்டீர்கள். அடுத்து எந்தப் பார்ட்டை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி தெரிகிறது: பார்க்கும்போது இல்லாத கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன். அடுத்த பார்ட் எது என்பதற்கு என் பதில், இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள் என்பதுதான்.

வண்டி எலெக்ட்ரிக்கல் வேலையில் 25 வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். அதில் மனதை விட்டுப் போகாத ஒரு வண்டி உண்டு. உங்களுடையதைப் போலவேதான்: ஓடும், நிற்கும், ஆறியதும் மறுபடி ஓடும். அப்போது எனக்கு அனுபவம் குறைவு. முதலில் ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் இக்னிஷன் காயிலை மாற்றினேன். நான்கு நாள் நன்றாக ஓடியது, சரியாகிவிட்டது என்று நம்பினேன். ஐந்தாம் நாள் நின்றது. பிறகு இக்னிஷன் மாட்யூல், அதற்குப் பிறகு பம்ப். ஒவ்வொரு முறையும் சில நாள் ஓடும், அப்புறம் நிற்கும். வண்டிக்காரர் பொறுமைசாலி, ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் வயரிங் கட்டைப் பிரித்தபோது, டேப் சுற்றிய ஓரிடத்தில் மூன்று வயர்களைச் சேர்த்த இணைப்பு பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. சூட்டில் அது விட்டுப்போனது, ஆறினால் தொட்டுக்கொண்டது. நான் மாற்றிய எந்தப் பார்ட்டிலும் குறையே இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சில நாள் ஓடியது ஏன் என்றால், பார்ட்டை மாட்டும்போது அந்த வயரிங்கை நானே அசைத்துவிட்டிருக்கிறேன். இந்த மாதிரிக் கோளாறில் ‘மாற்றினேன், ஓடுகிறது’ என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். நீங்கள் சொன்ன விவரத்திலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. பெட்ரோல் எஞ்சின் ஓடக் காற்று, பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன் நான்கும் வேண்டும், எல்லாம் நேரத்துக்கு வர வேண்டும். கம்ப்ரஷனோ (சிலிண்டருக்குள் அழுத்தம்) காற்றோ ஒரு நொடியில் போய் 20 நிமிடத்தில் திரும்புவது மிக அரிது. டைமிங் பெல்ட் பல் தாண்டினால் தானாகப் பழைய இடத்துக்கு வராது. செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது என்றால் பேட்டரியும் ஸ்டார்ட்டருக்குப் போகும் கனமான கேபிளும் அதன் எர்த்தும் சரி. ஆகவே மிச்சம் மூன்று: ஸ்பார்க் வரவில்லை, பெட்ரோல் வரவில்லை, அல்லது இரண்டையும் நடத்தும் கன்ட்ரோல் யூனிட்டுக்கு (எஞ்சினின் கணினி) மின்சாரமோ சிக்னலோ போகவில்லை. இதற்கு மேல் ‘இந்தப் பார்ட்தான்’ என்று வண்டியைத் தொடாமல் யார் சொன்னாலும் அது ஊகம். நான் கீழே சொல்லும் சந்தேகங்களும் ஊகங்களே, அனுபவத்தில் அடிக்கடி பலித்தவை என்பதால் சொல்கிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது, எஞ்சின் எப்படி நிற்கிறது என்பது. சாவியைத் திருப்பி அணைத்தது போலச் சட்டென்று நிற்கிறதா, இல்லை இழுவை குறைந்து, மிஸ்ஸிங் அடித்து, இரண்டு மூன்று முறை குலுங்கிவிட்டு நிற்கிறதா? சட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம் சந்தேகம் அதிகம். குலுங்கி நின்றால் பெட்ரோல் பக்கம் அதிகம், ஏனென்றால் பைப்பில் மிச்சமிருக்கும் அழுத்தம் தீரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இன்னொன்று, எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள். கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றால், சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும் (மேனுவல் கியர் வண்டியில், கிளட்சை மிதிக்காதவரை). அப்போது முள் வேகத்தோடு மெல்ல இறங்கினால், எஞ்சின் சுற்றுவது இன்னும் எங்கோ பதிவாகிறது என்று அர்த்தம். வண்டி உருளும்போதே முள் பூஜ்யத்தில் விழுந்தால், அந்தச் சிக்னலோ அதற்கான மின்சாரமோ போய்விட்டது. இந்த ஒரு விவரம் பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் பதற்றத்தில் யாருக்கும் இது நினைவில் நிற்காது. அதனால் டேஷ்போர்டைப் பார்த்தபடி ஒரு போனைப் பொருத்தி, ஒவ்வொரு பயணத்திலும் வீடியோ எடுத்துக்கொண்டே போங்கள்.

முள் பூஜ்யத்தில் விழுகிறது என்றால் என் முதல் சந்தேகம், எஞ்சின் சுற்றுவதைக் கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் ஒரு காந்தமும், அதன்மேல் மயிரிழை போன்ற மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும்தான். எஞ்சின் பிளாக்கின் சூட்டிலேயே 20 வருடம் உட்கார்ந்திருக்கும். கம்பி எங்காவது விட்டிருந்தால், சூட்டில் விரிந்து முனைகள் பிரியும், ஆறினால் ஒட்டும். 20 நிமிடத்தில் சரியாவது இதற்குப் பொருந்துகிறது. பொருந்துவதாலேயே நிரூபணம் ஆகிவிடாது. கன்ட்ரோல் யூனிட்டுக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான மெயின் ரிலேக்குள் ஈயப் பற்று விரிசல் விட்டிருந்தாலும், இக்னிஷன் காயிலின் இன்சுலேஷன் சூட்டில் விட்டுக்கொடுத்தாலும் இதே கதைதான். சென்சாரை ஓம் மீட்டரில் அளக்கலாம், சுருள் வகையில் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை காட்டும், சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆனால் ஆறிய பிறகு அளந்து ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிவு கட்டாதீர்கள், நின்ற நிமிடத்தில் அளக்க வேண்டும். மூன்று வயர் உள்ள சென்சார், உள்ளே எலெக்ட்ரானிக் சிப் இருக்கும் ஹால் வகையாக இருக்கலாம். அதில் ஓம் மீட்டர் வைப்பது பயனில்லை, சென்சாரே கெடவும் கூடும். மேனுவலைப் பார்க்காமல் தொட வேண்டாம்.

இனி நான் மிகவும் நம்பும் முறையைச் சொல்கிறேன். கோளாறு வரும்போது நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம், சரி. ஆனால் விளக்குகளைக் காவலுக்கு வைக்கலாம். 12 வோல்ட்டில் நேரடியாக எரியும் சின்ன எல்ஈடி விளக்குகள் மூன்றை டேஷ்போர்டின் மேல் ஒட்டுங்கள். ஒன்று மெயின் ரிலே கன்ட்ரோல் யூனிட்டுக்குக் கொடுக்கும் சப்ளையிலிருந்து, இரண்டாவது ஃபியூயல் பம்புக்குப் போகும் சப்ளையிலிருந்து, மூன்றாவது இக்னிஷன் காயிலுக்கு வரும் சப்ளையிலிருந்து. வயரை எடுக்கும் இடத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுவிடுங்கள், வழியில் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் புதுக் கோளாறு வரக் கூடாது. எல்ஈடி ஏன் என்றால் அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, சர்க்யூட்டின் நடத்தை மாறாது. அப்புறம் வழக்கம்போல ஓட்டுங்கள்.

அடுத்த முறை நிற்கும்போது எந்த விளக்கு அணைந்தது என்பதே பதிலின் பெரும்பகுதி. மூன்றும் அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச், மெயின் ரிலே, அவற்றுக்கு வரும் வயர் இவற்றில் ஒன்று. சாவிக்கொத்து கனமாக இருந்து வருடக்கணக்கில் தொங்கியிருந்தால் சுவிட்சுக்குள் கான்டாக்ட் தேய்ந்திருக்கும், சாவியை லேசாக ஆட்டிப் பார்த்தாலே சில வண்டிகளில் தெரிந்துவிடும். பம்ப் விளக்கு மட்டும் அணைந்தால் அவசரப்பட்டு பம்ப் ரிலே என்று சொல்லாதீர்கள். எஞ்சின் சுற்றவில்லை என்று நினைத்தால் கன்ட்ரோல் யூனிட்டே பம்பை நிறுத்திவிடும், விபத்தில் பெட்ரோல் கொட்டாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அதனால் பம்ப் விளக்கு அணைந்து, வண்டி உருளும்போதே ஆர்பிஎம் முள்ளும் விழுந்திருந்தால் கிராங்க் சிக்னல் பக்கம் போங்கள். பம்ப் விளக்கு அணைந்து முள் மட்டும் உயிரோடு இருந்தால் பம்ப் ரிலே, அதன் ஃபியூஸ், அதன் வயர். மூன்று விளக்கும் எரிந்தும் எஞ்சின் நின்றால், மின்சாரம் போகிறது ஆனால் வேலை நடக்கவில்லை. காயில், இன்ஜெக்டருக்குப் போகும் கட்டளை, பம்புக்கு அருகிலுள்ள இணைப்பு, டேங்க் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதில் ஒரு விதிவிலக்கு: சில பழைய வண்டிகளில் ஆர்பிஎம் முள்ளுக்குச் சிக்னல் கன்ட்ரோல் யூனிட் வழியாக வராமல் நேரே காயிலிலிருந்து வரும். உங்கள் வண்டி எந்த வகை என்று வயரிங் வரைபடத்தில் பார்த்த பிறகே முள்ளை நம்புங்கள்.

வண்டி நின்ற பிறகு கிடைக்கும் அந்த 20 நிமிடம் தங்கம். எரிச்சலில் செல்ஃப் அடித்தே அதை வீணாக்கிவிடுவோம், பேட்டரியும் இறங்கிவிடும். ஓரமாக ஒதுங்கியதும் சாவியை அணைத்து மறுபடி ஆன் நிலைக்குக் கொண்டுவாருங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? வழக்கமாக எரியும் விளக்கு அப்போது எரியாவிட்டால் கன்ட்ரோல் யூனிட்டுக்கு மின்சாரமே இல்லை. பின்சீட் பக்கம் பம்ப் சுமார் 2 விநாடி முனகும் சத்தம் கேட்கிறதா? பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் கேட்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை செல்ஃப் அடித்து முள் 200 பக்கமாவது எழும்புகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன் பிறகு உடனே ஸ்டார்ட் ஆனால் டேங்க் மூச்சு விடும் வழி அடைத்திருக்கிறது. அடுத்து ஸ்பார்க். இதற்கென்று விற்கும் ஸ்பார்க் டெஸ்டரையே பயன்படுத்துங்கள். வயரைக் கையில் பிடித்து பிளாக்கில் காட்டிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும் இடம் அது, பக்கத்தில் பெட்ரோல் ஆவியும் இருக்கும்.

ஆறவைக்கும் சோதனையையும் இங்கேயே செய்யலாம். ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீரும் துணியும் வண்டியில் இருக்கட்டும். பிழிந்த ஈரத்துணியைக் கிராங்க் சென்சாரின்மேல் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால், அதுவும் இரண்டு மூன்று சம்பவங்களில் அப்படியே நடந்தால், அது வலுவான சாட்சி. ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம். சென்சாருக்குக் கை எளிதாக எட்டாவிட்டால், ஃபேன் பக்கமாகக் கையை நுழைக்க வேண்டாம், எலெக்ட்ரிக் ஃபேன் தானாகவே சுற்றத் தொடங்கும். ரிலேயை நனைக்கக் கூடாது; அதே பின் அமைப்புள்ள இன்னொரு ரிலே, பெரும்பாலும் ஹாரன் ரிலே, அதனோடு இடம் மாற்றிப் பார்க்கலாம். அமைப்பு ஒன்றுதானா என்று ரிலேயின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் கோளாறை வரவழைக்கவும் முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, சந்தேகப்படும் பார்ட்டை ஒவ்வொன்றாக முடி உலர்த்தும் டிரையரால் சூடாக்குவது, வயரிங் கட்டை இஞ்ச் இஞ்சாக அசைப்பது, ரிலேயையும் கனெக்டரையும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுவது. ஹீட் கன் வேண்டாம் என்பேன். அதன் சூட்டில் நல்ல பார்ட்டும் நின்றுவிடும், அது எதையும் நிரூபிக்காது.

மல்டிமீட்டரைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மெக்கானிக்குகளே இதில் ஏமாறுகிறார்கள். ஒரு வயரில் முப்பது இழைகள் இருந்து இருபத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் அவ்வளவு குறைவு. அந்த வயரில் பம்ப் 5 ஆம்பியர் இழுக்கும்போது அங்கே வோல்ட்டேஜ் இறங்கிவிடலாம். அதனால் சப்ளை வயர்களை 21 வாட் பல்பு மாட்டிப் பாருங்கள், முழு வெளிச்சத்தில் எரிந்தால்தான் வயர் நன்றாக இருக்கிறது. (சென்சார் வயர்களிலும் கன்ட்ரோல் யூனிட்டின் சிக்னல் வயர்களிலும் இந்தப் பல்பை மாட்டவே கூடாது. மஞ்சள் நிறக் கனெக்டர் உள்ள ஏர்பேக் வயர்கள் பக்கமே போக வேண்டாம்.) எர்த்தையும் ஓம் மீட்டரால் பார்க்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது மீட்டரை வோல்ட்டில் வைத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் கன்ட்ரோல் யூனிட்டின் எர்த்துக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எங்கோ துருவோ லூஸ் கான்டாக்ட்டோ இருக்கிறது. பாடியில் எர்த் போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி முறுக்குவதற்குச் செலவே இல்லை, என் அனுபவத்தில் அதனாலேயே தீர்ந்த வண்டிகள் நிறைய.

இதே காரணத்துக்காக, நீங்கள் மாற்றிய ஃபியூயல் பம்பை நான் முழுதாகக் கணக்கிலிருந்து எடுக்க மாட்டேன். பம்ப் புதியது, ஆனால் டேங்க் மேலிருக்கும் கனெக்டர் பழையதுதானே? பழைய பம்ப் தேயத் தேய அதிக ஆம்பியர் இழுத்து அந்தப் பின்களைக் கருக்கியிருக்கும். பிளாஸ்டிக் பழுப்பாகவோ உருகியோ இருந்தால் கனெக்டரையும் மாற்ற வேண்டும். டேங்கின் அடியில் துருவும் தூசியும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடும்போது அவை உறிஞ்சப்பட்டு பம்பின் வடிகட்டி வலையில் அப்பிக்கொள்ளும், பம்ப் நின்றதும் உதிரும். கொஞ்ச நேரம் கழித்து வண்டி ஸ்டார்ட் ஆகும், நாம் சூடுதான் காரணம் என்று நினைப்போம். இதைப் பிடிக்க ஃபியூயல் பிரஷர் கேஜ் ஒன்றே வழி. மேனிஃபோல்டில் இன்ஜெக்ட் செய்யும் பெரும்பாலான வண்டிகளில் சுமார் 3 பார் இருக்கும், நிற்பதற்கு முன் அது சரிகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவியாகி வழியடைப்பது கார்புரேட்டர் வண்டிகளில் சகஜம், அழுத்தத்தில் ஓடும் இன்ஜெக்ஷனில் அரிது. அதனால் அதை என் பட்டியலின் கடைசியில் வைக்கிறேன்.

கோடு இல்லை என்பதால் மனம் தளர வேண்டாம். வண்டி தன்னைத்தானே சோதித்துக் கோடு பதியும் ஓபிடி-2 முறை அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமானது. அது புகையைக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு, எல்லாக் கோளாறையும் பிடிக்க வந்ததல்ல. பல கோளாறுகள் தொடர்ந்து இரண்டு பயணங்களில் வந்தால்தான் விளக்கு எரியும். கிராங்க் சிக்னல் போனால், எஞ்சினை நீங்களே அணைத்துவிட்டீர்கள் என்று சில கன்ட்ரோல் யூனிட்டுகள் எடுத்துக்கொள்ளும், கோடு பதியாது. உறுதியாகாத கோடுகளைக் காட்டும் பக்கம் ஸ்கேனரில் தனியாக இருக்கும், அங்கே பி0335 போன்ற கிராங்க் கோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி டெர்மினலை மட்டும் கழற்றிவிடாதீர்கள், பதிந்திருப்பதும் அழிந்துவிடும். நேரடி அளவுகளில் கூலன்ட் சூடு ஒரு கணம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் அந்தச் சென்சாரின் வயர் அறுந்து அறுந்து தொடுகிறது என்று பொருள்.

ஓடும்போது வண்டி நிற்பது ஆபத்து, அதைச் சிறிதாக நினைக்க வேண்டாம். எஞ்சின் நின்றதும் பவர் ஸ்டியரிங் கனமாகும். பிரேக் பூஸ்டரில் ஓரிரு அழுத்தலுக்கான வேக்குவம்தான் மிச்சமிருக்கும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தாமல் ஒரே சீராக அழுத்தி ஒதுங்குங்கள், வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை லாக் நிலைக்குத் திருப்பாதீர்கள். கோளாறு பிடிபடும்வரை வேகச்சாலையில் போகாதீர்கள், சோதனைக்குப் போகும்போது இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், விளக்குகளை அவர் பார்க்கட்டும்.

விளக்குகள் ஒரு பக்கத்தைக் காட்டிய பிறகு அந்த ஒரு பார்ட்டை மட்டும் மாற்றுங்கள், ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போகும். கழற்றிய பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். மலிவான கிராங்க் சென்சார்கள் பெட்டியிலிருந்து எடுத்ததுமே கெட்டிருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒரிஜினல் தரத்தில் வாங்குங்கள். மாற்றிய பிறகும் எல்ஈடிகளைக் கழற்றாதீர்கள். வாரம் ஒருமுறை வந்த கோளாறு என்பதால், ஒரு வாரம் நிற்காமல் ஓடியது போதாது. அதே தூரம், அதே சூடு, டேங்கில் அதே அளவு பெட்ரோல் என்று பழைய சூழ்நிலையிலேயே நான்கைந்து வாரம் ஓட்டிப் பாருங்கள். அதற்குள் ஒருமுறை நின்றாலும் எந்த விளக்கு முதலில் அணைந்தது என்று தேதியோடு குறித்து வையுங்கள், அங்கிருந்து மறுபடி தொடங்கலாம்.